குடுவைக்குள் போட்டது பளிங்குக்குள் போனதா? நாக சல்பைட்டு நனோ துகளில் மங்கனீசு ஏற்றத் தொடங்குபவர்களுக்கு

உயர்தரத்தில் குறைகடத்திப் பாடம் படித்த எல்லோருக்கும் மாசூட்டல் என்ற சொல் தெரியும்: ஒரு பளிங்குக்குள் (படிகத்துக்குள்) வேறு அணுவைக் கொஞ்சம் புகுத்துவது. சிலிக்கனுக்குள் கொஞ்சம் பொசுபரசு போனால் என் வகை (எதிரேற்றம் கடத்துவது), போரன் போனால் பீ வகை (நேரேற்றம் கடத்துவது), அவ்வளவுதான். பிறகு கம்பஸுக்கு வந்து ஆய்வுச் செயற்றிட்டம் தொடங்கும்போது அதே சொல்லை நனோ துகளுக்கும் பாவிக்கிறார்கள். பிள்ளைகளும் அதே நினைப்போடு நாக (சிங்க்) உப்பையும் மங்கனீசு உப்பையும் ஒரு முகவையில் கரைத்து, சல்பைட்டை ஊற்றி, வந்த வெள்ளைப் பொடியைக் காயவைத்து, போத்தலில் '2 சதவீதம் மங்கனீசு ஏற்றியது' என்று எழுதி ஒட்டிவிடுகிறார்கள். அந்த 2 சதவீதம் முகவைக்குள் போட்ட கணக்கு. பளிங்குக்குள் எவ்வளவு போனது என்பது வேறு கணக்கு, சில வேளை பத்தில் ஒரு பங்குகூட இராது.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி வேலை எல்லாம் விளங்கும், அதனால்தான் இதை எழுதுகிறேன். பருத்தித்துறை வடையில் மிளகாயை மாவோடு சேர்த்துப் பிசைந்துதான் தட்டுவார்கள். பொரித்து எடுத்த பிறகு மேலே தூவினால் அது வேறு சாமான். மங்கனீசும் அப்படித்தான். துகளின் மேலே ஒட்டிய மங்கனீசு எங்களுக்கு வேண்டிய வெளிச்சத்தைத் தராது, நாகம் இருந்த இடத்தில் உள்ளே போய் உட்கார்ந்த மங்கனீசுதான் செம்மஞ்சளாக ஒளிரும்.

இந்தப் பிரச்சினை நனோ துகளுக்கு மட்டும் உரியதும் இல்லை. நீல எல்.ஈ.டி இத்தனை காலம் பிந்தியதற்கு ஒரு முக்கிய காரணம் அதன் குறைகடத்தியான கல்லியம் நைத்திரைட்டைப் பீ வகையாக்க முடியாமல் இருந்தது. மக்னீசியத்தை உள்ளே போட்டார்கள், போனது, ஆனால் வேலை செய்யவில்லை. 1989இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான அகாசாகியும் அமானோவும் இலத்திரன் கற்றையால் அதை விழிக்க வைத்தார்கள். 1992இல் நகமுரா நைதரசன் வளியில் சூடாக்கினாலே போதும், மக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த ஐதரசன்தான் தடை என்று காட்டினார். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. வீட்டில் எரிகிற வெள்ளை எல்.ஈ.டி குமிழை எடுத்தாலும், உள்ளே இருக்கும் நீலச் சில்லின் (சிப்) மேல் பூசியிருக்கும் மஞ்சள் பொடி பெரும்பாலும் இற்றியம் அலுமினியம் கார்னெற்றுக்குள் சீரியம் ஏற்றியதுதான். ஆகவே ஒரு குமிழுக்குள்ளேயே இரண்டு விதமான மாசூட்டல் இருக்கிறது: ஒன்று மின்னோட்டத்துக்கு, மற்றது நிறத்துக்கு. நாங்கள் இங்கே செய்யப்போவது நிறத்துக்கான மாசூட்டல். நாகமும் இரண்டு நேரேற்றம், மங்கனீசும் இரண்டு நேரேற்றம், எனவே என் வகை, பீ வகை என்ற கதைக்கே இடமில்லை.

சரி, ஏன் நாக சல்பைட்டும் மங்கனீசும்? கட்மியம் இல்லை, ஈயம் இல்லை, தண்ணீரிலேயே செய்யலாம், பெரிய சூடும் வேண்டாம். நாக அயனின் ஆரை 0.060 நனோமீற்றர், மங்கனீசு அயனின் ஆரை 0.066, ஆகவே இடம் மாறி உட்காரப் பெரிய நெருக்கம் இல்லை. நாக சல்பைட்டின் சக்தி இடைவெளி (இலத்திரனைத் தூண்டி எழுப்ப வேண்டிய மிகக் குறைந்த சக்தி) கிட்டத்தட்ட 3.6 இலத்திரன் வோல்ற்று, துகள் சிறுக்கச் சிறுக்க இன்னும் கூடும். அது கழியூதா (யூ.வீ.) ஒளியை விழுங்கி அந்தச் சக்தியை மங்கனீசுக்குக் கொடுக்கும், மங்கனீசு 585 தொடக்கம் 590 நனோமீற்றரில் செம்மஞ்சளாக வெளிவிடும். அந்த நிறம் மங்கனீசு அயனின் உள்ளே நடக்கும் மாற்றத்தால் வருவது, அதனால் துகளின் பருமன் மாறினாலும் பெரிதாக அசையாது. புதிதாகத் தொடங்குபவருக்கு இது பெரிய உதவி: செம்மஞ்சள் தெரிந்தால் உள்ளே போயிருக்கிறது, தெரியாவிட்டால் எங்கேயோ பிழை.

தண்ணீரும் சாமான்களும்

முதல் பிழை இங்கேதான் நடக்கும், எனக்கும் இங்கேதான் நடந்தது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக் கல்லுக்குள்ளால் வருகிறது, கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையைப் பார்த்தாலே எவ்வளவு கல்சியம் என்று தெரியும். கல்சியம்கூடப் பரவாயில்லை, இரும்பு, நிக்கல், கோபால்ற்று மூன்றும் நாக சல்பைட்டின் ஒளிர்வைக் கொல்பவை, மிகச் சிறிய அளவே போதும். வடிகட்டிய தண்ணீர்தானே என்று நம்பி நான் செய்த முதல் மூன்று தொகுதிகளும் ஒளிரவே இல்லை. எனவே காய்ச்சி வடித்த நீரோ அயன் நீக்கிய நீரோ மட்டும்தான். துருப்பிடித்த கரண்டியால் உப்பை அள்ளக் கூடாது, கண்ணாடிச் சாமான்களை ஐதான நைத்திரிக் அமிலத்தில் ஊறவைத்து வடிவாக அலசி எடுக்க வேண்டும். அமிலம் ஒரு துளியும் மிஞ்சக் கூடாது. சல்பைட்டும் அமிலமும் சந்தித்தால் ஐதரசன் சல்பைட்டு வாயு வரும், அது ஆளைக் கொல்லும் வாயு. கூழ்முட்டை மணம் வந்தால் தெரியும்தானே என்று இருக்க வேண்டாம், செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாமல் போய்விடும். புகைக்கூண்டு (நச்சு வாயுவை வெளியே உறிஞ்சும் ஆய்வுகூட அலுமாரி) இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம், வீட்டில் செய்யவே வேண்டாம்.

வேண்டியவை: இரண்டு நீர்மூலக்கூறுள்ள நாக அசற்றேற்று, நான்கு நீர்மூலக்கூறுள்ள மங்கனீசு அசற்றேற்று, ஒன்பது நீர்மூலக்கூறுள்ள சோடியம் சல்பைட்டு, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிடிப்பதற்குப் பீ.வீ.பீ என்கிற பொலிமர், எதனோல், நைதரசன் உருளை, காந்தக் கலக்கி, மையநீக்கி (வேகமாகச் சுழற்றித் துகளை அடியில் படியவைக்கும் கருவி). இதில் சோடியம் சல்பைட்டுத்தான் தொல்லை. எங்கள் ஊர்க் காற்றில் போத்தலைத் திறந்து வைத்தாலே கசிந்து கரையும், பழசானால் மஞ்சளாகும். மஞ்சள் என்றால் பொலிசல்பைட்டு வந்துவிட்டது. கட்டிகளின் மேற்பரப்பை வடித்த நீரில் சட்டென்று கழுவி, வடிதாளில் ஒற்றி, உடனே நிறுங்கள். முக்கியமான தொகுதி என்றால் அயடீன் நியமிப்புச் செய்து சல்பைட்டின் உண்மையான செறிவைக் கண்டுபிடியுங்கள். உயர்தரத்தில் செய்த அதே நியமிப்பு வகைதான்.

நிறுத்தலும் கலத்தலும்

மங்கனீசை ஒவ்வொரு முறையும் தனியாக நிறுக்க வேண்டாம். 2 சதவீதத்துக்கு வேண்டியது 0.049 கிராம்தான், சாதாரணத் தராசில் அதன் பிழையே பெரிதாகிவிடும். 1.225 கிராம் மங்கனீசு அசற்றேற்றை 100 மில்லிலீற்றருக்குக் கரைத்தால் 0.05 மோலார் இருப்புக் கரைசல் கிடைக்கும். அதில் 1 மில்லிலீற்றர் எடுத்தால் 0.5 சதவீதம், 4 எடுத்தால் 2 சதவீதம், 16 எடுத்தால் 8 சதவீதம். மொத்த உலோகம் எப்போதும் 10 மில்லிமூல் என்று வைத்துக்கொள்கிறோம், ஆகவே 2 சதவீதத் தொகுதிக்கு நாக அசற்றேற்று 9.8 மில்லிமூல், அதாவது 2.151 கிராம்.

இரண்டையும் சேர்த்து 50 மில்லிலீற்றர் ஆக்கி, அதில் 1 கிராம் பீ.வீ.பீயைக் கரையுங்கள். அது மெதுவாகத்தான் கரையும், அவசரப்பட வேண்டாம். பிறகு அரை மணி நேரம் நைதரசனைக் குமிழவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம், காற்றிலுள்ள ஒட்சிசன் காரக் கரைசலில் மங்கனீசைக் கபில நிறமாக்கிவிடும். கரைசல் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தால் அந்தத் தொகுதியை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அதே காரணத்துக்காகச் சல்பைட்டு ஊற்றுவதற்கு முன்னால் சோடியம் ஐதரொட்சைட்டுப் போட்டு பீ.எச்சை உயர்த்தவும் வேண்டாம்.

சல்பைட்டை 10 மில்லிமூல் எடுக்காமல் 9 மில்லிமூல் எடுப்பது என் பழக்கம்: 2.162 கிராம், 50 மில்லிலீற்றர் நீரில், இதற்கும் நைதரசன் விட்டு. காரணம் கரைதிறன். நாக சல்பைட்டின் கரைதிறன் பெருக்கம் (எவ்வளவு கரைந்து நிற்கும் என்பதைக் காட்டும் எண்) மங்கனீசு சல்பைட்டினதைவிடப் பல கோடி மடங்கு சிறியது, சல்பைட்டைக் கண்டவுடன் நாகம்தான் முந்திக்கொண்டு படியும், மங்கனீசு கரைசலிலேயே காத்துக்கொண்டிருக்கும். நீங்கள் சல்பைட்டை முழு அளவுக்கும் ஊற்றினால், கடைசியில் மிஞ்சிய மங்கனீசும் வேறு வழியில்லாமல் துகளின் மேலேயோ தனியாகவோ படிந்துவிடும். இரசாயனப் பகுப்பாய்வில் பார்த்திருப்பீர்களே, அந்த வெளிறிய இளஞ்சிவப்பு வீழ்படிவு. அது வடைக்கு மேலே தூவிய மிளகாய். சல்பைட்டைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் உள்ளே போகாத மங்கனீசு கரைசலிலேயே நிற்கும், கழுவும்போது போய்விடும்.

துளித்துளியாக ஊற்றுவதா, ஒரேயடியாக ஊற்றுவதா என்று கேட்பார்கள். மெதுவாக ஊற்றினால் நாகத்துக்கு முந்துவதற்கு நிறைய நேரம் கொடுக்கிறீர்கள். நான் வேகமாகச் சுழலும் கலக்கியின் நடுவில் ஒரு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் ஊற்றி முடிப்பேன். உடனே பால் போல வெளுக்கும். அப்புறம் 60 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் கலங்கவிட்டால் பளிங்கு கொஞ்சம் சீராகும். இடையில் மின்சாரம் நின்றாலும் பயமில்லை, நைதரசன் ஓடிக்கொண்டிருக்கட்டும், கையால் குலுக்கிக்கொண்டிருங்கள்.

மேலே இன்னொரு ஓடு

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அது வீணான இழப்பு. 3 நனோமீற்றர் துகளில் பெரும் பங்கு அணுக்கள் மேற்பரப்பிலோ அதற்கு மிக அருகிலோதான் இருக்கும், மேற்பரப்பிலுள்ள குறைபாடுகள் சக்தியை மங்கனீசுக்குப் போகவிடாமல் பறித்துவிடும். எனவே தூய நாக சல்பைட்டு ஓடு ஒன்றை மேலே வளர்க்க வேண்டும். முதலில் மையநீக்கியில் ஒரு தடவை கழுவி மிஞ்சிய மங்கனீசை அகற்றுங்கள் (இந்த முதல் கழுவல் நீரைக் கொட்டாமல் ஒரு போத்தலில் எடுத்து வையுங்கள், பிறகு வேண்டும்). பொடியை மறுபடி 50 மில்லிலீற்றர் நீரில் கலக்கி, நைதரசனுக்குக் கீழே, 0.1 மோலார் நாக அசற்றேற்றில் 30 மில்லிலீற்றரும் அதே செறிவுள்ள சல்பைட்டில் 30 மில்லிலீற்றரும் இரண்டு அளவிகளிலிருந்து துளித்துளியாக, முக்கால் மணி நேரம் எடுத்து, ஆறுதலாக விடுங்கள். இங்கே வேகம் கூடாது. வேகமாக விட்டால் ஓடு வளராமல் புதிய வெறுந்துகள்தான் பிறக்கும். சரியாக வந்தால் ஓடு போட்டதும் போடாததும் விளக்கின் கீழே பக்கத்தில் வைத்தாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பிறகு நீரில் மூன்று தடவையும் எதனோலில் ஒரு தடவையும் கழுவி, ஒரு பகுதியை 50 பாகையில் காயவைத்து, மற்றப் பகுதியை ஈரமாகவே வையுங்கள். காய்ந்த பொடியை மறுபடி நன்றாகக் கலக்குவது கடினம்.

கழிவைப் பற்றி ஒன்று. எங்கள் குடாநாட்டில் மண் மெல்லியது, கீழே வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக் கல், ஊற்றுகிற எதுவும் வடிகட்டப்படாமல் நேரே நிலத்தடி நீருக்குப் போகும், அதைத்தான் ஊர் முழுக்கக் குடிக்கிறது. கழுவல் நீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள். மிஞ்சிய சல்பைட்டுக் கரைசலுக்குள் நாக அசற்றேற்றை மிகையாக ஊற்றினால் சல்பைட்டு முழுவதும் வெள்ளையாகப் படிந்துவிடும், வடித்துத் திண்மமாகச் சேர்க்கலாம். கரைசலையும் பெயர் எழுதிய போத்தலில் சேர்த்து முறைப்படி ஒப்படையுங்கள்.

உள்ளே போனதா என்று பார்த்தல்

கடையில் வாங்கும் யூ.வீ. ரோச் லைற்றை நம்ப வேண்டாம். மலிவானவை பெரும்பாலும் 395 நனோமீற்றர், நாக சல்பைட்டு அதை விழுங்காது. உங்கள் பொடி அருமையாக வந்திருந்தாலும் வெள்ளையாகத்தான் கிடக்கும். இரசாயனவியல் ஆய்வுகூடங்களில் மென்படை நிறப்பகுப்புக்கு வைத்திருக்கும் கை விளக்கில் 254 என்றொரு சுவிட்ச் இருக்கும், அது போதும், 312 நனோமீற்றர் விளக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. யூ.வீ. தடுக்கும் கண்ணாடி போடாமல் பார்க்கக் கூடாது, 254 கண்ணின் மேற்படையை எரித்துவிடும், வலி பின்னேரம்தான் தெரியவரும்.

விளக்கின் கீழே மூன்று மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவது, மங்கனீசே போடாத நாக சல்பைட்டு: மங்கலான நீலம், அது குறைபாடுகளின் வெளிச்சம். இரண்டாவது, நீங்கள் மங்கனீசு ஏற்றியது: செம்மஞ்சள். மூன்றாவது, மங்கனீசு போடாமல் செய்து முடித்த துகளோடு அதே 2 சதவீத மங்கனீசு அசற்றேற்றைப் பிறகு கலந்தது. இந்த மூன்றாவதைத்தான் ஒருவரும் செய்வதில்லை. அது செம்மஞ்சளாக வராமல் இரண்டாவது வந்தால்தான், உங்கள் வெளிச்சம் உள்ளே போன மங்கனீசால் வந்தது என்று வாய்விட்டுச் சொல்லலாம்.

ஒளிர்வு நிறமாலை எடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது, பலர் அதில் விழுந்ததைக் கண்டிருக்கிறேன். 300 நனோமீற்றரில் அருட்டினால் (ஒளி பாய்ச்சித் தூண்டினால்) கருவியில் ஒளியைப் பிரிக்கும் கீற்றணி அதன் இரண்டாம் வரிசையை, அதாவது இரு மடங்கு அலைநீளத்தில் தோன்றும் பொய் உச்சியை, 600இல் காட்டும். மங்கனீசின் 590க்குப் பக்கத்தில்! வடிகட்டி போடாமல் எடுத்தால் வெறும் வெள்ளைத் தாளுக்கும் மங்கனீசு இருப்பதாகச் சொல்லிவிடும். 350க்குக் கீழே வெட்டும் வடிகட்டியைக் கண்டறியும் பக்கத்தில் போடுங்கள். இல்லையென்றால் அருட்டலை 310க்கு மாற்றிப் பாருங்கள்: பொய் உச்சி 620க்கு ஓடிவிடும், உண்மையான உச்சி இடத்தை விட்டு அசையாது.

எக்ஸ் கதிர்க் கோணல் (பளிங்கு எக்ஸ் கதிரை எந்தக் கோணங்களில் திருப்புகிறது என்று பார்க்கும் அளவீடு) எடுத்தால் 28.6, 47.6, 56.4 பாகைகளுக்கு அண்மையில் மூன்று அகன்ற உச்சிகள் வர வேண்டும். முதல் உச்சியின் பாதி உயர அகலம் 2.9 பாகை என்றால், அகலத்திலிருந்து பருமனைக் கணிக்கும் செறர் சமன்பாட்டில் துகள் ஏறத்தாழ 2.8 நனோமீற்றர். அகலத்தை ஆரையனுக்கு மாற்ற மறந்து விசித்திரமான விடை எடுப்பவர்கள் அதிகம். உச்சியின் கோணத்தைச் சமன்பாட்டில் பாதியாக்கிப் போட்டீர்களா என்றும் பாருங்கள். ஆனால் இந்த அளவீடு மங்கனீசைப் பற்றி ஒன்றும் சொல்லாது, 1 சதவீதத்துக்கு உச்சி அசைவது பிழை எல்லைக்குள்தான்.

மங்கனீசின் அளவுக்குக் கழுவி எடுத்த பொடியை அமிலத்தில் கரைத்து (புகைக்கூண்டுக்குள், மிகச் சிறிய அளவில்) அணு உறிஞ்சல் முறையில் அளக்க வேண்டும். எடுத்து வைத்த முதல் கழுவல் நீரையும் கூடவே அளந்தால் போட்டதும், போனதும், மிஞ்சியதும் கணக்கில் நேராகும். வசதி இருந்தால் ஈ.பி.ஆர் (காந்தப்புலத்தில் மங்கனீசின் சோடியற்ற இலத்திரன்களைப் பார்க்கும் அளவீடு) இன்னும் நல்லது. மங்கனீசின் கரு காரணமாக ஆறு கோடுகள் வரும், அந்த ஆறு கோடுகளின் இடைவெளி உள்ளே இருப்பதற்கும் மேற்பரப்பில் இருப்பதற்கும் வேறுபடும். எங்கள் பக்கத்தில் இல்லாத அளவீடு என்றால் மாதிரியை வெளியூருக்கு அனுப்பத்தான் வேண்டும், அப்போது மூன்று மாதிரிகளையும் சேர்த்தே அனுப்புங்கள், மங்கனீசு ஏற்றியதை மட்டும் அல்ல.

ஏன் இவ்வளவு கவனம் என்றால் இந்தக் கணக்கைப் பாருங்கள். 3 நனோமீற்றர் துகளில் நாக அணுக்கள் ஏறத்தாழ 350. உண்மையில் 1 சதவீதம் போனால் ஒரு துகளுக்குச் சராசரி மூன்று நான்கு மங்கனீசு. 0.2 சதவீதம்தான் போனால் சராசரி 0.7, நிகழ்தகவுப்படி ஏறக்குறையப் பாதித் துகள்களில் ஒரு மங்கனீசுகூட இராது. கூட்டிப் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், சில சதவீதத்துக்கு மேலே மங்கனீசுகள் ஒன்றுக்கொன்று அருகில் வந்து சக்தியைக் கைமாற்றிக் கெடுத்துவிடும். ஆகவே 0, 0.5, 1, 2, 4, 8 என்று ஒரு வரிசை செய்து உச்சம் எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும், வேறொருவருடைய எண்ணை எடுத்து வைக்க முடியாது.

எல்.ஈ.டியில் வைத்தல்

1994இல் ஆய்வாளர் பார்கவாவும் கூட்டாளிகளும் இந்தத் துகள் பற்றி வெளியிட்ட கட்டுரைதான் உலகத்தை இந்தப் பக்கம் திருப்பியது. ஒளிர்வு நனோசெக்கன்களில் அழிகிறது என்று அதில் சொன்னார்கள், பிறகு வேறு குழுக்கள் கவனமாக அளந்தபோது மங்கனீசின் ஒளிர்வு பழையபடி மில்லிசெக்கன் அளவில்தான் என்று தெரிந்தது. எல்.ஈ.டிக்கு இது மிக முக்கியம். ஒரு தடவை அருட்டப்பட்ட மங்கனீசு அடுத்த போட்டனுக்குத் தயாராக ஒரு மில்லிசெக்கன் வரை எடுக்கும், சில்லோடு ஒட்டிப் பூசிப் பலமான ஒளியைப் பாய்ச்சினால் நிரம்பல் அடைந்துவிடும். அதனால் சில்லிலிருந்து தள்ளி, பெரிய பரப்பில் மென்படலமாக வைப்பதுதான் பொருத்தம். இன்னொரு பக்கம் நல்ல குணமும் உண்டு: விழுங்கும் நிறத்துக்கும் வெளிவிடும் நிறத்துக்கும் இடையில் பெரிய தூரம் இருப்பதால் தன் வெளிச்சத்தைத் தானே விழுங்காது, படலம் தடித்தாலும் நிறம் மாறாது.

படலத்துக்கு ஈரமாக வைத்த துகளைப் பொலிவைனைல் அல்ககோல் கரைசலில் கலந்து, தட்டையான தட்டில் ஊற்றித் தூசு படாமல் ஒரு நாள் காயவிட்டு உரித்தெடுங்கள். 310 நனோமீற்றர் எல்.ஈ.டி ஒன்றின் முன்னால் சில சென்ரிமீற்றர் தள்ளிப் பிடியுங்கள். இடையில் சாதாரணக் கண்ணாடி இருக்கக் கூடாது, அது அந்த ஒளியின் பெரும் பகுதியை மறித்துவிடும்.

450 நனோமீற்றர் நீலச் சில்லில் இந்தத் துகள் வேலை செய்யாது, அதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. கடையில் கிடைக்கும் சில்லுக்கே பொருந்தும் துகள் வேண்டுமென்றால் அடுத்த படி செம்பு ஏற்றிய நாக இந்தியம் சல்பைட்டு. அதுவும் கட்மியம் இல்லாதது, தண்ணீரில் செய்யும் முறையும் உண்டு, நாகத்துக்கும் இந்தியத்துக்கும் உள்ள விகிதத்தை மாற்றி நிறத்தையும் நகர்த்தலாம். அங்கேயும் அதே மூன்று மாதிரிகளைச் செய்ய வேண்டும்: செம்பு இல்லாதது, செம்பு ஏற்றியது, செம்பைப் பிறகு கலந்தது. மூன்றாவது போத்தலை மட்டும் வெளிச்சம் படாத அலுமாரியில் வைத்து ஒரு கிழமை கழித்தும் பாருங்கள், ஏனென்றால் செம்பு அயன் நாக சல்பைட்டின் மேற்பரப்பில் நாகத்தைத் தள்ளிவிட்டுத் தானாகவே இடம் பிடிக்கக்கூடியது, மங்கனீசைப் போல வெளியே காத்து நிற்காது.